கொடைக்கானல் போகிறீர்களா? செண்பகனூருக்கும் நேரம் வையுங்கள்

ஊருக்கு வரும்போது கொடைக்கானலுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்களுக்கு ஏரி, தூண்பாறை, குணா குகை, ஹோம்மேட் சாக்லேட் என்று அந்த நாள் ஓடிவிடும். குணா குகைக் கூட்டத்தில் முண்டியடிப்பதற்குப் பதில் அந்த நேரத்தைச் செண்பகனூர் மியூசியத்துக்குக் கொடுக்கலாம் என்பேன்.

ஏரியிலிருந்து சுமார் 6 கி.மீ. 1895-இல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியைச் சேர்ந்தது. குருமாணவர்கள் படிக்கும் இடம் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது. படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்தைத் தங்குமிடத்தில் சொல்லி முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பாம்புகள் பக்கம் பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். பெரியவர்கள் அவசரப்படாமல் பார்க்க வேண்டியது, பழனி மலையின் ஆதிக் குடிகள் விட்டுப்போன பொருட்களை. அங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் இந்த மலைகளில் அலைந்து, பழங்காலத்தார் இறந்தவர்களுக்காகக் கல்லால் எழுப்பிய கல்திட்டைகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய அறிக்கையை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டது. இதே அங்லாட்தான் மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியவர். ஒரு மனிதருக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ!

பார்த்த கையோடு, வண்டி இருந்தால் தாண்டிக்குடிப் பக்கம் போங்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அசல் கல்திட்டைகள் நிற்கின்றன. சுற்றிலும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டிருப்பார்கள். சாந்து கிடையாது, கல்லின் எடையே பிடிமானம். அதனால் செல்ஃபிக்காக யாரும் மூடுகல்லில் ஏற வேண்டாம். சில திட்டைகள் பட்டா நிலத்துக்குள் இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள்.

எப்படியும் பழனிக்குப் போவீர்கள். மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. 2009, 2010-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடி. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று பரிசோதனையில் வந்தது. கூடவே கிடைத்த பானைத் தாங்கியில் ‘வய்ர’ என்று தமிழ் பிராமியில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், எழுத்து. எழுத்தின் காலம் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு, அது தனிக்கதை. இறங்கிப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் காரில் போகும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஜாடிக்குள் நெல் என்றதும் போனிலிருந்து தலை நிமிரும்.

அப்புறம் இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இது வேண்டும். இந்திய சிம் இல்லாத வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்குவார்கள். சில்லறைப் பணமும் கையில் இருக்கட்டும்.

மலையிலிருந்து பழனிக்கு நேராக இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், சாயங்காலம் மேகமும் இறங்கிவிடும். மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.