கையைத் தாழ்த்தினால் தோல்வியா? ஆங்கில விளையாட்டுத் தொடர்களில் நாம் செய்யும் தவறுகள்

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் பல தொடர்கள் மைதானத்தில் பிறந்தவை. எந்த ஆட்டத்தில் பிறந்தது என்று பார்க்காமலே அர்த்தம் சொல்லப் போனால் சறுக்கிவிடுவோம்.

'வின் ஹேண்ட்ஸ் டவுன்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தாழ்த்துவது சரணடைவது போலத்தானே தோன்றுகிறது? ஆனால் இது குதிரைப் பந்தயச் சொல். மற்ற குதிரைகள் வெகு பின்னால் இருந்தால் ஜாக்கி விரட்ட வேண்டியதில்லை. கடிவாளத்தைத் தளர்த்தி, கைகளைக் கீழே விட்டபடியே எல்லையைக் கடந்துவிடுவார். சிரமமே இல்லாத வெற்றி, அவ்வளவுதான்.

'ஸ்டிக்கி விக்கெட்' என்றதும் மூன்று குச்சிகளை நினைத்தால் ஒன்றும் புரியாது. இங்கே விக்கெட் என்றால் பிட்ச். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் பிட்ச்சை மூடி வைக்க மாட்டார்கள். மழை பெய்து, அப்புறம் வெயில் அடித்து மேல்மண் காயத் தொடங்கும் நேரம்தான் மோசம். ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்தது கணுக்காலுக்குத் தாழும். கைதேர்ந்த பேட்ஸ்மேனும் தடுமாறுவார். இக்கட்டில் மாட்டியவரைப் பற்றி இந்தத் தொடரைச் சொல்வது அதனால்தான். இதை 'ஒட்டும் விக்கெட்' என்று தமிழாக்கினால் அந்தத் தவிப்பே காணாமல் போய்விடும்.

சுவையான கதையை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து மணியடித்துத் தப்பியதுதான் 'சேவ்டு பை த பெல்' என்பார்கள். உண்மையில் அது குத்துச்சண்டை மணி. அடிவாங்கித் தள்ளாடுபவரைச் சுற்று முடியும் மணி காப்பாற்றிவிடும். பெண்களுக்கு அனுமதி இல்லை என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே 'கோல்ஃப்' என்பதும் கட்டுக்கதை. 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அந்த ஆட்டத்தைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது.

'சாக்கர்' அமெரிக்கச் சொல் என்று அடித்துப் பேசாதீர்கள். ரக்பியை 'ரக்கர்' ஆக்கிய அதே இங்கிலாந்து மாணவர் வழக்குதான் 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதைச் சுருக்கி 'சாக்கர்' ஆக்கியது.

அதற்காக எல்லாக் கதைகளையும் தள்ளிவிட வேண்டாம். நம் தேர்தல் செய்திகள் வரை வந்துவிட்ட 'ஹாட்ரிக்'கில் தொப்பி நிஜமாகவே இருந்தது. 1858-ல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீபன்சன் அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். அங்கேயே பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.