"நன்றி சொல்லு" என்று நெருக்காதீர்கள்

விருந்தினர் முன்னால் "மாமாவுக்கு நன்றி சொல்லு" என்று நெருக்கினால் பிள்ளையின் வாய் முணுமுணுக்கும், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டின்போது தட்டில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி, அது யார் யார் கை மாறி வந்தது என்று பேசிப் பாருங்கள். குறுவை நெல் விளையவே ஏறக்குறைய 110 நாள் ஆகிறது. நாற்று நட்டவர், அறுத்தவர், மூட்டை சுமந்தவர், வடித்தவர் என்று பிள்ளைகளே அடுக்குவார்கள். ஒரு நாள் என் மகள் தட்டோரம் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்துத் தின்றாள். யாரும் சொல்லவில்லை.

நீங்களும் காரணத்தோடு பாராட்டுங்கள்: "செருப்பை ஓரமாக வைத்தாயே, பாட்டி தடுக்கி விழாமல் நடந்து போனார்." குப்பை வாங்க வரும் அக்காவுக்குப் பிள்ளையின் கையாலேயே ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.