தொட்டியில் கப்பி மீன்கள் பெருகாமலிருக்க

வீட்டுத் தொட்டியில் கப்பி மீன்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால், பெண் மீன்கள் அனைத்தையும் பிடித்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களை அகற்றுவதால் உடனடிப் பயன் இல்லை. ஒருமுறை இணைசேர்ந்த பெண் கப்பி விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, அருகில் ஆண் மீனே இல்லாவிட்டாலும் ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மீனைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் விட்டுப் பக்கவாட்டில் பார்த்தால், வயிற்றுக்குப் பின்னால் அடிப்புறத்தில் உள்ள துடுப்பு ஆணுக்கு மெலிந்து கூராகப் பின்னோக்கி நீண்டும், பெண்ணுக்கு விசிறிபோல் விரிந்தும் இருப்பது தெளிவாகத் தெரியும். எஞ்சியுள்ள குஞ்சுகள் வளர்ந்து இந்த வேறுபாடு புலப்படும்வரை வாரம் ஒருமுறை பார்த்து, பெண் குஞ்சுகளையும் அகற்றிவர வேண்டும். பிடித்த மீன்களை மீன் கடையிலோ வளர்க்க விரும்புவோரிடமோ கொடுங்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்று எண்ணி ஏரியிலும் ஓடையிலும் விடுவது, அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடு.

மோலி, பிளாட்டி மீன்களுக்கும் இம்முறை பொருந்தும். முட்டையிடும் தங்கமீனுக்கு இது தேவையில்லை. அதன் முட்டைகள் பாசியிலும் வேர்களிலும் ஒட்டிக்கொண்டு சில நாட்களில் பொரிந்துவிடும் என்பதால், முட்டையிட்ட அன்றே அந்தப் பாசியை வெளியே எடுத்து வெயிலில் உலர்த்திவிட்டால் போதும்.