ஒரே நாளில் பொலன்னறுவை: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

இலங்கையின் பழைய தலைநகரங்களுள் ஒரு பகலுக்குள் நிறைவாகப் பார்க்கக்கூடியது பொலன்னறுவைதான் என்பது என் உறுதியான கருத்து. அநுராதபுரத்தின் இடிபாடுகள் பல திசைகளில் பரந்து கிடக்கின்றன. பொலன்னறுவையிலோ முக்கியமான கட்டடங்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்குள் வரிசையாக அமைந்திருப்பதால், வழி தவறாமல் ஒரே போக்கில் பார்த்துக்கொண்டு போகலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவு நேரம் பார்க்க முயன்றால் மாலையில் களைப்பு மட்டுமே மிஞ்சும். நான்கு இடங்களில் நின்று நிதானமாகப் பார்ப்பதும் மற்றவற்றைக் கடந்து செல்வதுமே இந்த விளக்கத்தின் அடிப்படை.

புறப்படுமுன்

கொழும்பிலிருந்து அன்றே வந்து அன்றே திரும்பத் திட்டமிட வேண்டாம். 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணமே பகலின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முந்திய இரவு பொலன்னறுவையிலோ, ஹபரணை, தம்புள்ளை போன்ற அருகிலுள்ள ஊர்களிலோ தங்குவது நல்லது. மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள் காலையில் நேரத்தோடு புறப்பட்டால் அன்றைக்கே பார்த்துத் திரும்பிவிடலாம். புகையிரத நிலையமும் பெரிய பேருந்து நிலையமும் பழைய நகரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே கதுருவெலயில் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்திருங்கள்.

தோளையும் முழங்காலையும் மறைக்கும் வெளிர் நிறப் பருத்தி உடை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு சோடித் தடித்த காலுறை ஆகியவை தேவை. காலுறையை மறந்துவிடாதீர்கள். வழிபாட்டுக்குரிய இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். நண்பகலில் அங்குள்ள கல்தளங்கள் வெறுங்காலுடன் மிதிக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். வெளிநாட்டவர்கள் கடவுச்சீட்டையும் உடன் வைத்திருக்க வேண்டும். நகரைச் சுற்றுவதற்குச் சைக்கிளே சிறந்தது. பாதை பெரும்பாலும் மேடுபள்ளமில்லாதது, மரநிழலும் உண்டு, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியும். முதியவர்களுடனோ சிறு குழந்தைகளுடனோ செல்பவர்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசி ஓர் ஓட்டோவை அமர்த்திக்கொள்ளலாம்.

முதற்படி: காலத்தை மனத்தில் வகுத்துக்கொள்ளுதல்

வரலாறு தெரியாமல் பார்த்தால் எல்லாச் செங்கற்சுவர்களும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே நான்கு ஆட்சிகளை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். 993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படைகள் அநுராதபுரத்தைக் கைப்பற்றிய பின்னர், சோழர் தங்கள் ஆட்சிமையத்தைப் பொலன்னறுவையில் நிறுவி அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றி, இதே நகரைச் சிங்கள அரசின் தலைநகராக்கினான். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவே இன்று நாம் காணும் பெருங்கட்டடங்கள் பலவற்றை எழுப்பியவன். 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் அவற்றோடு மேலும் சிலவற்றைச் சேர்த்ததுடன், தன் பெயரை எங்கும் கல்லில் பொறித்தும் வைத்தான். 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்போடு நகரின் வீழ்ச்சி தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் இது இவர்களுள் யாருடையது என்று கேட்டுக்கொண்டால், சிதைவுகள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இரண்டாம் படி: அருங்காட்சியகம்

பராக்கிரம சமுத்திரம் என்னும் பெரிய குளத்தின் கரைக்கு அருகிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, அங்குள்ள மாதிரியுருக்களை முதலில் பாருங்கள். பொலன்னறுவைக் கட்டடங்கள் பலவற்றின் கூரைகளும் மேல்மாடிகளும் மரத்தால் ஆனவை ஆகையால் அவை அழிந்துவிட்டன. எஞ்சியிருக்கும் தூண்களைப் பார்த்து முழு வடிவத்தை ஊகிப்பது முதன்முறை வருபவருக்கு எளிதன்று. இந்த மாதிரியுருக்கள் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆயினும் அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவிட வேண்டாம், ஏனெனில் காலைக் குளிர்ச்சி வெளியில்தான் தேவைப்படும்.

மூன்றாம் படி: அரண்மனைத் தொகுதி

அடுத்தது பராக்கிரமபாகுவின் அரண்மனை. ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டது என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் புகழும் இந்த மாளிகையில் இப்போது நிற்பவை மிகத் தடித்த செங்கற்சுவர்கள் மட்டுமே. சுவரின் உயரத்தில் வரிசையாகத் தெரியும் துளைகள் மாடிகளைத் தாங்கிய மரவிட்டங்கள் பொருந்தியிருந்த இடங்கள். அருகிலுள்ள அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் யானைகள், சிங்கங்கள், குள்ள உருவங்கள் என வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றையும் அப்பால் உள்ள குமார பொக்குண என்னும் குளிக்கும் குளத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நான்காம் படி: தலதா மளுவ

புத்தரின் புனிதப் பல்லுக்கான கோயில்கள் இருந்த உயர்ந்த முற்றமே தலதா மளுவ. நின்று பார்க்க வேண்டிய முதல் இடம் இது. காலை 10 மணிக்குள் இங்கே வந்துவிட வேண்டும், ஏனெனில் தளம் முழுவதும் வெறுங்காலுடன்தான் நடக்க வேண்டும். படியேறுமுன், தெற்கே வெளிப்புறத்தில் உள்ள முதலாம் சிவ தேவாலயத்தைப் பாருங்கள். பாண்டியர் பாணியில் அமைந்த அந்தக் கோயிலின் கற்கள் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும் நேர்த்தி வியக்கத்தக்கது. அங்கே அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகள் இலங்கையின் அருங்காட்சியகங்களில் இருக்கும் மிகச் சிறந்த கலைப்பொருள்களுள் சேர்ந்தவை.

மேலே ஏறியதும் பார்க்க வேண்டியது வட்டதாகே. நான்கு திசைகளிலும் வாயில், ஒவ்வொரு வாயிலுக்கும் நேரே அமர்ந்த புத்தர் சிலை என்ற இந்த வட்டக் கட்டடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். வாயிற்படியில் கிடக்கும், உருவங்கள் செதுக்கிய அரைவட்டப் படிக்கல்லான சந்திரவட்டக்கல்லையும் கவனியுங்கள். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கத்துடன் எருதும் இருக்கும். இங்கே எருது இல்லை. சைவர்கள் நந்தியாகப் போற்றும் எருதைக் காலால் மிதிக்கலாகாது என்பதால் அதை நீக்கினார்கள் என்று பொதுவாக விளக்கம் தருகிறார்கள். அந்த விளக்கம் சரியாயின், இரண்டு சமயங்கள் ஒரு நகரில் எப்படி ஒன்றையொன்று மதித்து வாழ்ந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிரே, ஹட்டதாகே என்னும் கோயிலுக்கு அருகில் கிடக்கும் கல்பொத்த (கல் நூல்) 8 மீட்டருக்கும் சற்று அதிகமான நீளமும் ஏறத்தாழ 25 தொன் எடையும் கொண்ட ஒற்றைக் கல். மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்ததாக அந்தக் கல்லின் எழுத்துகளே சொல்கின்றன. நிசங்கமல்லனின் புகழுரை முழுவதும் அதில் இருக்கிறது. பக்கவாட்டில் இரு யானைகள் நீர் சொரிய இலக்குமி அமர்ந்திருப்பதையும் குனிந்து பாருங்கள், பெரும்பாலோர் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாதது அட்டதாகேயின் அருகிலுள்ள வேளைக்காரர் கல்வெட்டு. விஜயபாகு புத்தரின் புனிதப் பல்லுக்கு எடுத்த கோயிலான அந்த அட்டதாகேயைக் காக்கும் பொறுப்பைத் தென்னிந்தியப் படைப்பிரிவினரான வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதை அது தமிழில் பதிவு செய்கிறது. சோழரை வென்ற மன்னன் எழுப்பிய பௌத்தப் புனிதத்தலத்துக்குத் தமிழ் பேசிய வீரர்கள் காவலர்களாக நின்ற செய்தி, அக்காலத்தை இரண்டு இனங்களின் போர் என்று மட்டும் படித்தவர்களுக்கு வேறொரு பக்கத்தைக் காட்டும். தூபாராம என்னும் செங்கற் சிலைமனையையும் சத்மஹல் பிரசாதய என்னும் அடுக்குக் கோபுரத்தையும் போகும் வழியில் பார்த்தால் போதும்.

ஐந்தாம் படி: வானவன்மாதேவி ஈச்சரம்

வடக்கே சற்றுத் தூரத்தில், முதன்மைப் பாதையிலிருந்து விலகி மரங்களுக்கிடையில் இருக்கிறது இரண்டாம் சிவ தேவாலயம். சிறிய கோயில்தான். ஆனால் இந்நகரில் எஞ்சியிருக்கும் சைவக் கோயில்களுள் பழமையானது. முழுவதும் கல்லால் கட்டியதால் விமானம் உட்பட ஏறத்தாழ முழு வடிவில் நிற்கிறது. இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமாகிய வானவன்மாதேவியின் பெயரால் அமைந்தது. சுவர்களில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளுள் அதிராசேந்திரன் காலத்ததும் ஒன்று. சோழர் ஆட்சி இங்கே முடியும் தறுவாயில் பொறித்த எழுத்து அது. வெளியே நந்தி இருக்கிறது, உள்ளே இலிங்கத்துக்கு இன்றும் விளக்கேற்றிச் செல்பவர்கள் உண்டு. வெயில் ஏறும் இந்நேரத்தில் இங்குள்ள நிழலில் அரை மணி நேரம் அமர்ந்து, கல்வெட்டு எழுத்துகளுள் உங்களுக்குப் பிடிபடுபவற்றைத் தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: வடக்குத் தொகுதி

நண்பகலில் ரன்கொத் வெஹெரவின் பெரிய தாதுகோபத்தை, அதாவது தூபியை, சுற்றி நடக்க வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தாலே அதன் பருமன் விளங்கும். அடுத்துள்ள லங்காதிலக என்னும் சிலைமனையோ நிற்க வேண்டிய மூன்றாவது இடம். சுமார் 17 மீட்டர் உயரத்துக்கு எழும் இரு சுவர்களுக்கிடையே, ஒடுங்கிய வழியின் முடிவில், தலையிழந்த மாபெரும் புத்தர் சிலை நிற்கிறது. அதற்குள் நிழலும் உண்டு. பக்கத்திலுள்ள கிரி வெஹெர என்னும் தாதுகோபத்தில் பழைய சுண்ணச்சாந்து இன்னும் எஞ்சியிருப்பதைக் காணலாம்.

மதிய உணவைக் கையோடு கொண்டுவந்திருந்தால் இப்பகுதியிலேயே உண்ணலாம். குரங்குகள் மிகுதி, ஆகவே உணவுப்பையைத் திறந்து வைக்காதீர்கள்.

ஏழாம் படி: கல்விகாரை

வெயில் தணியத் தொடங்கும் 3 மணிக்குப் பிறகு இங்கே வாருங்கள். ஒரே பாறை முகப்பில் நான்கு புத்தர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சிலைகளுக்கு எதிரே உள்ள பாறைமேட்டில் அமர்ந்து முதலில் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றின் அருகிலும் செல்லுங்கள். நின்ற உருவம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம், கிடந்த உருவம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். நின்ற உருவம் புத்தரா அவருடைய சீடர் ஆனந்தரா என்ற கருத்துவேறுபாடு நெடுநாளாக இருக்கிறது. கிடந்த உருவத்தில் தலையின் பாரத்தால் தலையணை அமுங்கியிருப்பதையும், இடக்காலின் விரல்கள் வலக்காலிலிருந்து சற்றே பின்வாங்கியிருப்பதையும் பாருங்கள்: அந்தச் சிறு விலகலே இது துயில் அன்று, புத்தரின் இறுதி மறைவாகிய பரிநிர்வாணம் என்பதற்கான குறி. கல்லின் இயற்கையான நிறக்கோடுகள் முகங்களின் குறுக்கே ஓடும் அழகும் கவனிக்கத்தக்கது. சிலைகளுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது இங்கே அவமதிப்பாகும்.

நேரமிருந்தால் மேலும் வடக்கே தாமரைக்குளத்தையும், சுவரோவியங்கள் உள்ள திவங்க சிலைமனையையும் பார்க்கலாம்; இல்லையேல் விட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பராக்கிரம சமுத்திரம்

5 மணியளவில் தெற்கே திரும்பிக் குளக்கட்டின் வழியாகப் பொத்குல் வெஹெர என்னும் பழைய மடாலயத்துக்குச் செல்லுங்கள். இதற்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. அங்கே பாறையில் செதுக்கிய, 11 அடிக்கும் சற்று உயரமான உருவத்தைச் சிலர் பராக்கிரமபாகு என்றும், சிலர் புலஸ்திய முனிவர் என்றும் கருதுகிறார்கள். வழிநெடுக நீங்கள் காணும் நீர்ப்பரப்பு, பழைய குளங்களை இணைத்துப் பராக்கிரமபாகு விரிவாக்கியது. அம்பன் கங்கையின் நீர் கால்வாய் வழியாக இதற்கு வந்து சேர்கிறது. இன்றும் இப்பகுதி வயல்கள் இந்த நீரை நம்பியே விளைகின்றன.

பேருந்தில் திரும்புபவர்கள் பழைய நகரில் காத்திராமல் ஓட்டோவில் கதுருவெலக்கே போய் ஏறுவது நல்லது. தொலைதூரப் பேருந்துகள் பல அங்கிருந்தே புறப்படுவதால் இருக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.