நாளைக்கு நீங்கள்தான் வகுப்பெடுக்க வேண்டும் என்றால்

“நாளைக்கு என்னோட பீரியடை நீ எடுத்துடுறியா?” என்று ஆசிரியர் கேட்டால் முக்கால்வாசிப் பேர் அங்கேயே தலையாட்டிவிடுவோம். வெளியே வந்து நாலடி நடந்த பிறகுதான் பதற்றம் தொடங்கும். என்ன நடத்துவது, எவ்வளவு நடத்துவது, யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் என்ன சொல்வது, கடைசி பெஞ்ச் சும்மா இருக்குமா.

அப்படித் தலையாட்டிவிட்டு வந்திருப்பவருக்காகத்தான் இந்தப் பதிவு. நீங்களும் ஒரு மாணவர், இதற்கு முன் வகுப்பெடுத்ததில்லை, கையில் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது, நாளை 40 நிமிடம் நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இது முதன்முதலில் நேர்ந்தபோது, அன்றிரவு உட்கார்ந்து அந்தப் பாடம் முழுவதற்கும் குறிப்பெடுத்தேன். 11 பக்கம் வந்தது. மறுநாள் நாலாவது பக்கத்தில் இருக்கும்போதே பாதி நேரம் போய்விட்டது. மீதியை விட மனமில்லாமல் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். அந்தச் சின்ன ‘டிக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உழைப்பில் குறை வைக்கவில்லை. எதை விட வேண்டும் என்று முடிவு செய்யாமல் போனதுதான் பிழை. அதனால் கீழே சொல்வதில் பாதிக்கு மேல், எதை வெட்டுவது, வெட்டியபின் மிஞ்சுவதை எப்படி முழுசாகக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான்.

படி 1: ஆசிரியரை விடுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்

போன வகுப்பு எந்த இடத்தில் நின்றது? நாளை எது வரை போனால் போதும்? அவர்களுக்கு ஏற்கெனவே எது தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். “போதும்” என்ற சொல்லை அழுத்திக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் நாம் பயந்ததைவிடக் குறைவாகத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அப்புறம், அந்த வகுப்பில் படிக்கும் ஒருவரின் நோட்டை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள். பாடப்புத்தகம் காட்டாததை நோட்டு காட்டும்: ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார், எந்த முறையில் கணக்குப் போடுகிறார், எந்த வரியில் எழுத்து கிறுக்கலாகிப் பாதியில் நிற்கிறது. நீங்கள் வேறொரு முறை கற்றிருந்தாலும் நாளைக்கு அவர்களுடைய முறையிலேயே போங்கள். ஒரே ஒரு பீரியடில் புது முறையைக் கொண்டுபோனால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 2: பாடத்தை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

“நாளைக்குச் சதவீதம் நடத்தணும்” என்பது தலைப்பு. அதை வைத்து ஒரு மாதம் நடத்தலாம். 40 நிமிடத்துக்குத் தேவை ஒரு கேள்வி: வகுப்பு தொடங்கும்போது மாணவர்கள் தவறாகவோ தயங்கியோ பதில் சொல்வார்கள், முடியும்போது காரணத்தோடு சரியாகச் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்குச் சதவீதத்தையே எடுத்துக்கொள்கிறேன்: “ஒரு எண்ணை 20 சதவீதம் கூட்டி, வருவதை 20 சதவீதம் குறைத்தால், பழைய எண்ணே கிடைக்குமா?”

நல்ல கேள்விக்கான அடையாளம் எல்லாம் இதில் இருக்கிறது. கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரு பதில் தோன்றும். பெரும்பாலோருக்குத் தோன்றும் பதில் தவறு. போட்டுப் பார்த்தால் இரண்டே வரியில் தெரிந்துவிடும். ஏன் என்று யோசிக்கப் போனால் பாடத்தின் மையத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

கணக்கு இல்லாத பாடமானாலும் இதே வழிதான். வரலாறு என்றால் ஒரு முடிவை எடுத்து “ஏன் அப்படிச் செய்தார்கள்?” என்று கேளுங்கள். கவிதை என்றால் நாலு வரி போதும், கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பெல்லாம் வேண்டாம்.

கேள்வி கிடைத்ததும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்ல உதவாத எதுவும், எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், நாளைக்கு இல்லை. இது வலிக்கும். நமக்கு மிகவும் பிடித்த பகுதிதான் பெரும்பாலும் முதலில் போகும்.

படி 3: ஒரு எடுத்துக்காட்டை வரிவரியாக, கையால் போட்டுப் பாருங்கள்

தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். மற்ற படிகளை அவசரத்தில் சுருக்கினாலும் இதை மட்டும் சுருக்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று மனம் தானாகவே நினைத்துக்கொள்ளும். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அழகாகக் காட்டினார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தைச் சிலர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதி அளவாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டியவரின் மனதுக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவருக்கு வெறும் ‘டொக் டொக்’தான். பாடம் நடத்தும்போதும் மெட்டு நம் மனதுக்குள்தான் ஓடும். அதை வெளியே கொண்டுவர ஒரே வழி, தாண்டிப் போகிற ஒவ்வொரு வரியையும் எழுதிப் பார்ப்பது.

நம் கேள்வியையே எழுதிப் பார்ப்போம்.

100-இல் 20 சதவீதம் என்பது 20. கூட்டினால் 120.
120-இல் 20 சதவீதம் என்பது 24. கழித்தால் 96.

முடிந்தது, பதில் 96. இப்போது நீங்களே பதில் தெரியாத மாணவராக இருந்து இதைப் படியுங்கள். எங்கே இடறும்? இரண்டாவது வரியில். “20 சதவீதம்னா 20 தானே, திடீர்னு 24 எங்கிருந்து வந்தது?” பாடமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் 20 சதவீதம் 100-இல் எடுத்தது, இரண்டாவது 120-இல் எடுத்தது. ஆகவே நாளை நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய ஒரே சொல் “எதில்?” என்பது. 20 சதவீதம் என்று யார் சொன்னாலும் உடனே “எதில்?” என்று வகுப்பே சேர்ந்து கேட்கும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இடறும் இடம் தெரிந்துவிட்டால், அங்கே எப்படி நிற்பது என்றும் யோசித்து வையுங்கள். 24 என்று எழுதுவதற்கு முன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப எதில் 20 சதவீதம் எடுக்கணும், 100-லயா, 120-லயா?” என்று கேட்கலாம். இந்த இடத்தில் எத்தனை நிமிடம் போனாலும் பரவாயில்லை.

கூடவே இன்னும் இரண்டு கணக்குத் தயார் செய்யுங்கள். ஒன்று அதே மாதிரி, எண் மட்டும் வேறு: 50-இல் தொடங்கினால் 60, பிறகு 48. இதை அவர்களே போடட்டும். இன்னொன்று ஒரு படி மேலே: 120-இலிருந்து மறுபடி 100-க்கு வர எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? குறைய வேண்டியது 20. எதில்? 120-இல். ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 16.67 சதவீதம். நேரம் மிஞ்சினால் இது கைகொடுக்கும், இல்லாவிட்டால் அப்படியே பையில் இருக்கட்டும்.

படி 4: கடிகார நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

“அறிமுகம் 5 நிமிடம், விளக்கம் 10 நிமிடம்” என்று எழுதினால் வகுப்பில் நின்றுகொண்டு கூட்டல் போட வேண்டியிருக்கும். வகுப்பு 10:20-க்குத் தொடங்குகிறது என்றால் இப்படி எழுதுங்கள்: 10:25 கேள்வி, 10:30 எடுத்துக்காட்டு, 10:42 அவர்களே போடுவது, 10:52 விடையைப் பேசுவது, 10:56 துண்டுச்சீட்டு (அது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்), 11:00 மணி. கடிகாரத்தைப் பார்த்தவுடனே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பின்தங்கினால் எதை விடுவது என்பதையும் இன்றைக்கே ஒரு நட்சத்திரம் போட்டுக் குறித்துவிடுங்கள். நாளை நின்றுகொண்டு முடிவெடுப்பது கஷ்டம்.

படி 5: கரும்பலகையை முன்கூட்டியே வரையுங்கள்

ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். இடது பக்கம் அன்றைய கேள்வி, கடைசி வரை அழிக்கக் கூடாது. நடுவில் எடுத்துக்காட்டு. வலது பக்கம் காலியாக இருக்கட்டும், மாணவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கு. என்ன எங்கே வரும் என்று சின்னதாக எழுதிப் பாருங்கள். ப்ரொஜெக்டர் இருந்தால்கூட, ஒரே இரவில் ஸ்லைடு செய்யும் வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்தின் அளவும் அம்புக்குறியின் நிறமும் நம் நேரத்தைத் தின்றுவிடும். தவிர, கையால் எழுதும்போது நம் வேகம் தானாகக் குறையும், பார்த்து எழுதுகிறவர்களுக்கு அது நல்லது.

படி 6: எழுந்து நின்று ஒருமுறை, வாய்விட்டு

முழுவதும் ஒத்திகை பார்க்க நேரம் இருக்காது. முதல் மூன்று நிமிடத்தையும், இடறும் இடத்தையும் மட்டும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சரளமாக ஓடுவது வாயில் வரும்போது தட்டும். தட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். பிறகு படுத்துத் தூங்குங்கள்.

வகுப்பறையில்

பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து தெரிகிறதா, எந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

தொடங்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டாம். “எனக்கே நேத்து சாயங்காலம்தான் சொன்னாங்க, பெரிசா தயார் பண்ணலை” என்று ஆரம்பித்தால், இதைக் கேட்க வேண்டியதில்லை என்று நாமே அவர்களிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். பெயர், இன்று யாருக்குப் பதிலாக வந்திருக்கிறோம், இன்றைய கேள்வி. இது மூன்றும் போதும். கேள்வியைச் சொல்லிவிட்டு உடனே “ஆமாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க, இல்லைன்னு நினைக்கிறவங்க தூக்குங்க” என்று கேளுங்கள். கை தூக்கியவருக்குத் தன் பதில் சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அந்த ஆவல்தான் அடுத்த அரைமணி நேரத்துக்கு உங்களுக்குத் துணை.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். வகுப்பில் முதல்முறை நிற்பவருக்கு இதைவிடக் கஷ்டமானது எதுவுமில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு 1970-களில் எழுதியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராமல் போவது குறைந்தது. மூன்று நொடிதான், ஆனால் முன்னால் நிற்கும்போது அது மூன்று நிமிடமாகத் தோன்றும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். எண்ணி முடித்தும் யாரும் பேசாவிட்டால், “பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசிப் பாருங்க” என்று விடுங்கள். வகுப்பு முழுவதன் முன்னால் சொல்லத் தயங்குகிறவரும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுவார்.

“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “புரிஞ்சுது” என்று கோரஸாக வரும், அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக “இந்த 24 எப்படி வந்தது, யாராவது உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டால் உண்மை நிலவரம் உடனே தெரியும். அவர்கள் கணக்குப் போடும் நேரத்தில் மேசைப் பக்கம் நிற்காமல் வரிசைகளுக்கு நடுவே நடந்து நோட்டுகளைப் பாருங்கள். ஒரே தவறு மூன்று நோட்டுகளில் இருந்தால், பெயர் சொல்லாமல் அதைப் பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து சரிசெய்யலாம்.

பதில் தெரியாத கேள்வி ஒன்று நிச்சயம் வரும். “எனக்கு இப்ப தெரியலை, கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, வலது பக்கக் காலியிடத்தில் எழுதுங்கள். எழுதுவது முக்கியம், கேட்டவருக்குத் தன் கேள்வி தொலைந்துபோகவில்லை என்று தெரியும். ஒப்பேற்றிச் சொன்ன பதிலை யாராவது நோட்டில் எழுதிக்கொண்டு, அதையே தேர்விலும் எழுதிவிடலாம். அதைவிட “தெரியலை” எவ்வளவோ மேல்.

சலசலப்பு வந்தால் குரலை உயர்த்தாமல் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் வரும் பக்கமாக நடந்து போய் அங்கிருந்து தொடருங்கள். எதிரில் இருப்பவர்கள் உங்கள் வகுப்புத் தோழர்களே என்றால், அன்றைக்கு மட்டும் திடீரென ஆசிரியர் குரலில் அதட்ட வேண்டாம், அது எடுபடாது. உங்களைச் சீண்டக்கூடிய நெருங்கிய நண்பரிடம் முன்பே போய், “நேரத்தைப் பார்த்து எனக்குக் கை காட்டுடா” என்று ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.

தயாராகப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால்

படி 2, படி 3 மட்டும். ஒரு கேள்வி, ஒரு எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டை முடித்ததும், இதே மாதிரி ஒரு கணக்கை உருவாக்கிப் பக்கத்து ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கை உருவாக்குவது அதைப் போடுவதைவிடக் கடினம்; பாதி வகுப்பு அதிலேயே நல்லபடியாக நிறையும்.

கடைசி நான்கு நிமிடம்

மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு எடுக்கச் சொல்லி, அன்றைய கேள்விக்குப் பதிலை ஒரே வாக்கியத்தில், காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். வாங்கி வைத்துக்கொண்டு, வகுப்பு கலைந்த பிறகு மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரியான காரணம் எழுதியவர்கள், 96 என்று மட்டும் எழுதியவர்கள், இன்னும் குழம்பியிருப்பவர்கள்.

அந்தச் சீட்டுகளையும், எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும், பலகையின் வலது பக்கத்தில் மிஞ்சிய கேள்விகளையும் ஒரு தாளில் வைத்து அன்றே ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வகுப்பை அவர் அங்கிருந்து தொடங்குவார். “கேட்டுச் சொல்றேன்” என்று சொன்ன கேள்விக்குப் பதிலையும் அப்போதே அவரிடம் கேட்டுக்கொண்டு, கேட்டவரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.