எந்த நிலுவை? மெட்டாடேட்டா மென்பொருளில் முதல் அடி வைக்க

எங்கள் அப்பத்தா வீட்டுச் சாமான் அறையில் எந்த அண்டாவைத் திருப்பிப் பார்த்தாலும் விளிம்பில் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். என்ன பாத்திரம், என்ன எடை, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று ஒரு சிட்டையும் தனியாக உண்டு. அறையைத் திறக்காமலே சிட்டையைப் பார்த்து அப்பத்தா பதில் சொல்லிவிடுவார். ஒரு நிறுவனத்தின் தரவுக்கு அப்படியொரு சிட்டைதான் மெட்டாடேட்டா மென்பொருள். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். அது என்ன, எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்ற குறிப்புதான் இங்கே சேரும்.

காரைக்குடியில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 23 கிளைகள். ஒரு மார்ச் மாதம் மொத்த நிலுவையைக் கூட்டினால், கிளைகள் சொன்ன தொகை ஒன்று, தலைமை அலுவலக அறிக்கை சொன்னது வேறு. மூன்று நாள் ராத்திரி பகலாகத் தேடினோம். நிலுவைத் தொகைக்கு ‘ஓ.எஸ்.பால்’ என்று ஒரு ஃபீல்டு. பழைய மென்பொருளில் அது அசல் மட்டும். புதியதில் அசலோடு வட்டியும் சேர்ந்தது. பெயர் ஒன்றுதான். புதியதை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார், ஒரு வரிக் குறிப்பும் எங்கும் இல்லை. அந்த மூன்று நாள்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

கட்டணம் இல்லாமல் தொடங்க ஓப்பன்மெட்டாடேட்டா நல்லது. லிங்க்ட்இன் நிறுவனம் 2020இல் திறந்த மூலமாக வெளியிட்ட டேட்டாஹப்பும் இருக்கிறது. பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்து வைக்கும் ஹடூப் வைத்திருப்பவர்களுக்கு அப்பாச்சி அட்லஸ். நாங்கள் இரண்டே பேர் என்பதால் முதலாவதை எடுத்தோம். இது டாக்கரில் ஓடும், அதாவது மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் கருவியில். அந்த டாக்கருக்குக் குறைந்தது 6 ஜிபி நினைவகமும் 4 சிபியுவும் ஒதுக்க வேண்டும். 8 ஜிபி மடிக்கணினியில் மூச்சு முட்டும், 16 ஜிபி உள்ளதாகப் பாருங்கள். எதை எதை ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பை இறக்கி ஓட விட்டால் பிரவுசரில் 8585 போர்ட்டில் திரை வரும். உள்ளே போனதும் முதல் வேலையாக அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அடுத்தது டேட்டாபேஸை இணைப்பது. அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தயங்கினார். “தரவெல்லாம் வெளிய போயிருமா தம்பி?” அவர் கேட்டது நியாயம். “இல்லண்ணே, படிக்க மட்டும் ஒரு யூசர் குடுங்க, செலக்ட் உரிமை போதும்” என்றேன். அதற்கு மேல் ஒரு உரிமையும் வாங்காதீர்கள். மாதிரி வரிகளை எடுத்துச் சேமிக்கும் வசதி ஒன்று இருக்கிறது, அதை அணைத்து வையுங்கள். ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் உள்ள டேபிளில் அது தேவையில்லாத வம்பு. அந்த ஃபீல்டுகளுக்குத் தனிநபர் தரவு என்ற அடையாளம் கட்டாயம் போடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. எது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எல்லா டேபிளையும் இழுக்க ஆசை வரும். வேண்டாம். எங்களிடம் 1,400 டேபிள், அதில் பாதி யாரோ எப்போதோ எடுத்து வைத்த பேக்கப். மாதக் கடைசி அறிக்கைக்கு எவை தேவையோ அந்த 12ஐ மட்டும் வடிகட்டி எடுத்தோம்.

இனிதான் உண்மையான வேலை. கிளாசரி என்ற பகுதியில் நிறுவனத்தின் சொற்களுக்குப் பொருள் எழுத வேண்டும். நகரத்தார் கோயில் கணக்கில் ‘புள்ளி’ என்றால் தலைக்கணக்கு இல்லை, திருமணமான இணை ஒரு புள்ளி. அது தெரியாமல் புள்ளிக் கணக்கை ஜனத்தொகை என்று எடுத்தால் என்ன ஆகும்! எங்கள் ‘வாடிக்கையாளர்’ அப்படித்தான் இருந்தார். ஒரு பிரிவுக்கு அவர் ஒரு ஆள், இன்னொரு பிரிவுக்கு ஒரு கடன் கணக்கு. ஒரே அம்மாள் மூன்று அடகு வைத்தால் மூன்று வாடிக்கையாளர். கணக்குப் பிரிவையும் கிளை மேலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரு சொல்லுக்கு இரண்டு வரி என்று எழுதினோம். ‘நிலுவை’க்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. கடைசியில் ‘அசல் நிலுவை’, ‘மொத்த நிலுவை’ என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு மென்பொருளின் ‘ஓ.எஸ்.பால்’ ஃபீல்டையும் அதனதன் சொல்லோடு இணைத்தோம். இந்த வேலையைக் கம்ப்யூட்டர் ஆட்களே செய்து முடித்துவிடக் கூடாது. வட்டி போடுகிறவருக்குத்தான் வட்டியின் பொருள் தெரியும்.

ஒவ்வொரு டேபிளுக்கும் பொறுப்பாளர் பெயர் வேண்டும். ‘ஐடி பிரிவு’ என்று போட்டால் யாரும் பொறுப்பில்லை என்றுதான் அர்த்தம். பர்மாவிலும் மலேயாவிலும் நம் லேவாதேவிக் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆளுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அதே மாதிரி முடிவெடுக்க ஒருவர், குறிப்பு எழுதிப் பராமரிக்க ஒருவர் என்று இரண்டு பெயர் முடிவு செய்யுங்கள்.

லீனியேஜ் படம் எந்த டேபிளிலிருந்து எந்த அறிக்கை வருகிறது என்று காட்டும். டேட்டாபேஸில் சேமித்த வியூவும், தரவை எடுக்க எழுதிய குவெரியும் இருக்கும் இடத்தில் தானே வரைந்துகொள்ளும். தேவகோட்டைக் கிளையில் எக்செலில் கைவேலையாக ஒரு கூட்டல் நடந்தது, அது படத்தில் வரவில்லை. அப்படிப்பட்டதைக் கேட்டறிந்து கையால் கோடு போட்டு இணைக்க வேண்டும்.

டேபிள் விவரங்களை இழுக்கும் வேலை தினமும் இரவு 2 மணிக்கு ஓடும்படி நேரம் வைத்துவிடுங்கள். திங்கள் காலை திறந்து, குறிப்பு எழுதாத புது ஃபீல்டு வந்திருக்கிறதா என்று பார்த்து, உருவாக்கியவரிடம் அன்றைக்கே கேட்டு எழுதுங்கள். 12 டேபிளும் நிறைந்த பிறகு அடுத்த டேபிள்களுக்குப் போகலாம். எங்களுக்கு அதற்கு ஏழு வாரம் ஆனது.