கொசுத்தேனீயை வகைப்படுத்துவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

சுவர் விரிசலிலிருந்தோ மரப்பொந்திலிருந்தோ மெழுகும் பிசினும் கலந்த சிறு குழாய் ஒன்று நீண்டிருக்க, அதன் வழியே கறுத்த சிறு பூச்சிகள் போய்வருமானால், அது பெரும்பாலும் கொசுத்தேனீக் கூடுதான். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். கூட்டின் வாயிலருகே இறந்து கிடக்கும் வேலைக்காரத் தேனீக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ளவற்றைக் கொல்லத் தேவையில்லை.

படி 1: கொசுத்தேனீதானா என்று உறுதிசெய்தல்

முதலில் பின்னங்காலைப் பாருங்கள். அகன்று தட்டையான மகரந்தக் கூடை இருந்தால், அது மலைத்தேனீ, அடுக்குத் தேனீ ஆகியவற்றோடு ஏபிடே குடும்பத்தில் நெருங்கிய உறவுடையது என்று கொள்ளலாம். அடுத்து முன்சிறகைப் பாருங்கள்: நரம்புகள் பெரும்பகுதி மங்கி மறைந்திருந்தால் அது மெலிபோனினி என்னும் கொசுத்தேனீப் பிரிவைச் சேர்ந்தது. இவற்றுக்குக் கொடுக்கு முற்றிலும் இல்லை என்று எண்ணுவது சரியன்று. கொட்டுவதற்குப் பயன்படாத அளவுக்கு அது சுருங்கியிருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்தின் லெஸ்ட்ரிமெலிட்டா பேரினம் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு) பிற கூடுகளைக் கொள்ளையடித்தே வாழ்வதால், அதன் காலில் மகரந்தக் கூடையைத் தேடிப் பயனில்லை.

படி 2: இடத்தைக் கொண்டு குறுக்குதல்

என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான படி இதுதான். உலகில் 500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டிருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான பகுதியில் வாழ்பவை. மெலிபோனா பேரினம் அங்கு மட்டுமே உண்டு. ஆப்பிரிக்காவில் வகைகள் குறைவு; மெலிபோனுலா, டாக்டிலூரினா போன்றவை அங்கு வாழ்கின்றன. ஆஸ்ட்ரோப்ளீபியா ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் உரியது. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருப்பது டெட்ராகோனுலா.

நம் ஊர்க் கொசுத்தேனீயைப் பழைய நூல்களும் சில பயிற்சிக் கையேடுகளும் ட்ரைகோனா என்றே எழுதுகின்றன. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிரெடரிக் ஸ்மித் 1854-இல் இலங்கை மாதிரிகளைக் கொண்டு ட்ரைகோனா இரிடிபென்னிஸ் என்று விவரித்ததே இதற்குக் காரணம். 1961-இல் பிரேசில் நாட்டுத் தேனீ ஆய்வாளர் மூரே டெட்ராகோனுலா என்ற பெயரை உருவாக்கினார்; நம் ஊர்க் கொசுத்தேனீ இப்போது அப்பெயரில்தான் சேர்க்கப்படுகிறது. இன்றைய வகைப்பாட்டில் ட்ரைகோனா அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டுமே உரிய பேரினம். ஆகவே தமிழ்நாட்டில் எடுத்த படத்துக்கு அப்பெயரை இடாதீர்கள்.

படி 3: பேரினத்தை அறிதல்

இந்தியாவில் முதன்மையாகப் பார்க்க வேண்டியவை மூன்று. மார்பின் மேற்புற விளிம்பில் செதில் போன்ற மயிர்கள் மஞ்சள் கரையாக அமைந்திருந்தால் அது லெபிடோட்ரைகோனா; வடகிழக்கு மாநிலங்களில் காணப்படுவது. மிகச் சிறியது லிசோட்ரைகோனா. மார்பின் மேல் மயிர்க்கோடுகளும் அவற்றுக்கிடையே மயிரற்ற பட்டைகளும் மாறி மாறி வந்தால் டெட்ராகோனுலா என்று கருதலாம்.

படி 4: கூட்டின் உள்ளமைப்பு

வளர்ப்பவர் பெட்டியைப் பிரிக்கும்போது புழு அறைகளைப் படமெடுங்கள். டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ் அவற்றைக் கொத்தாகவும், ஆஸ்திரேலியாவின் டெட்ராகோனுலா கார்பொனேரியா சுருள் அடுக்காகவும் கட்டுகின்றன.

படி 5: சிற்றினம்

டெட்ராகோனுலா வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருப்பதால், ஆண் தேனீயின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே வல்லுநர்கள் சிற்றினத்தை உறுதிசெய்கிறார்கள். தொடக்க நிலையில் பேரினப் பெயரோடு நிறுத்தி, ஊர், நாள், கூடு இருந்த இடம், வாயிற்குழாயின் நீளம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி மாதிரியோடு வையுங்கள்.